கேட்க மட்டுமே அதிகாரம்

வீட்டுவசதிக் குழுத் தலைவர் ஒருவரின் பெயரைச் சூட்டிய அடுக்குமாடி, ஆட்கள் குடிவந்த இரண்டே மாதத்தில் சரிந்த இடத்தைப் பார்க்கத்தான் கிழக்கு லண்டனில் கேனிங் டவுன் பக்கம் போனேன். ரோனன் பாயிண்ட் என்பது அந்தக் கட்டடத்தின் பெயர். நியூஹாம் கவுன்சிலின் வீட்டுவசதிக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் ஹாரி ரோனன். 22 மாடி, 110 வீடு. 1968 மார்ச்சில் திறந்தார்கள். மே 16 அன்று விடியற்காலை ஆறு அடிக்கக் கால் மணி இருக்கையில், 18ஆம் மாடியில் ஒரு பெண்மணி தேநீர் போட எழுந்து தீக்குச்சி உரசினார். அடுப்படியில் வாயு கசிந்திருந்தது.

வெடிப்பு ஒன்றும் பிரமாதமானது இல்லை. அந்தப் பெண்மணியே உயிர் பிழைத்துவிட்டார். ஆனால் மூலைச் சுவர்ப் பலகை ஒன்று வெளியே பிதுங்கி விழுந்தது. அதை நம்பி நின்ற மேல்மாடிகளின் மூலை சரிந்தது. சரிந்த கனத்தைத் தாங்காமல் கீழ்மாடிகளின் மூலையும் தரைவரை இறங்கிவிட்டது. நான்கு பேர் இறந்தார்கள், 17 பேருக்குக் காயம். பெரும்பாலோர் படுக்கையறையில் இருந்த நேரம். விழுந்ததில் பெரும்பகுதி கூடங்கள். அதனால்தான் சாவு நான்கோடு நின்றது.

இப்போது அங்கே போனால் பார்க்க எதுவும் இல்லை. கஸ்டம் ஹவுஸ் நிலையத்தில் இறங்கி நடந்தால் இரண்டு மாடி வீடுகள், வாசலில் கார், குப்பைத்தொட்டி, ஒரு மிதிவண்டி. நான் நின்று வெறித்துப் பார்ப்பதைக் கண்டு ஒரு முதியவர், ஏதாவது விலாசம் தேடுகிறாயா என்று கேட்டார். கட்டடத்தின் பெயரைச் சொன்னேன். கையை வீசி மேலே ஆகாயத்தைக் காட்டினார்.

அந்த ஆகாயத்துக்கு ஏன் ஏறினார்கள் என்பது கொள்கை சம்பந்தப்பட்ட கதை. 1956இல் வந்த மானியச் சட்டப்படி, கட்டடம் எத்தனை உயரமோ அத்தனைக்கு அரசு கூடுதல் மானியம் தந்தது. போரில் குண்டு விழுந்து பாழான கிழக்கு லண்டனில் வீட்டுக்குப் பெரும் பஞ்சம். ஆலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளைக் கொண்டுவந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் டென்மார்க் முறை கைக்கு எட்டியது. மானியம், பஞ்சம், அவசரம் மூன்றும் ஒரே மேசையில் வந்து உட்கார்ந்தால் யார் கேள்வி கேட்பார்கள்? விபத்துக்குப் பிறகும் மூலையைத் திரும்பக் கட்டி, ஆட்களைக் குடிவைத்தார்கள். சாம் வெப் என்ற கட்டடக் கலைஞர் மட்டும் விடவில்லை, கட்டடம் பாதுகாப்பானதா என்ற கேள்வியை ஆண்டுக்கணக்கில் துரத்தினார். கடைசியில் 1986இல் கோபுரத்தை மாடி மாடியாகப் பிரித்து இறக்கியபோது, பலகைகள் சேரும் இணைப்புகளில் காரை நிரப்பியிருக்கவேண்டிய இடத்தில் வெற்றிடமும் பழைய செய்தித்தாளும் கிடைத்தன.

நகராட்சிக் கூட்டங்களைப் பத்திரிகைக்காகப் பார்த்துப் பழகியவன் நான். பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கொட்டாவியை அடக்குவது எனக்குத் தொழில். ஆகவே லண்டன் போகிற வாய்ப்பு வந்தபோது, ஒரு கவுன்சில் தன் வீட்டுக் கொள்கையைத் தானே எப்படிச் சோதித்துக்கொள்கிறது என்று பார்த்துவிட ஆசை. அரண்மனையில் காவலர் மாறுவதைப் பார்க்க ஏற்கெனவே போதுமான கூட்டம் இருக்கிறது.

முதலில் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். ரோனன் காலத்தில் எல்லாம் குழு ஆட்சி. வீட்டுக்கு ஒரு குழு, கல்விக்கு ஒரு குழு, சாலைக்கு ஒன்று. முடிவெடுப்பவர்களும் அவர்களே, எடுத்தது சரியா என்று பார்க்கவேண்டியவர்களும் அவர்களே. 2000ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் இதை இரண்டாகப் பிரித்தது. ஒரு பக்கம், மேயர் அல்லது கவுன்சில் தலைவர். அவரைச் சேர்த்துப் பத்துப் பேருக்குள் அடங்கும் கேபினெட். முடிவெடுப்பது இவர்கள். மறுபக்கம் கேபினெட்டில் இடம் கிடைக்காத மற்ற உறுப்பினர்கள். இவர்களைக் கொண்டு அமைவது ஸ்க்ரூட்டினி கமிட்டி, அதாவது கூராய்வுக் குழு. கேபினெட் ஆள் இதில் உட்காரக் கூடாது. ஆனால் குழு கூப்பிட்டால் கேபினெட் ஆளும் அதிகாரியும் வந்து பதில் சொல்லியே ஆகவேண்டும். குழு பரிந்துரை செய்தால் இரண்டு மாதத்துக்குள் கேபினெட் மறுமொழி தரவேண்டும். எடுத்த முடிவு நடைமுறைக்கு வருமுன் அதை 'கால் இன்' செய்து, இன்னொரு தடவை யோசியுங்கள் என்று திருப்பி அனுப்பலாம். ரத்துசெய்ய முடியாது. பணம் ஒதுக்க முடியாது. ஒரு குழாயை மாற்றச் சொல்லிக்கூட ஆணையிட முடியாது. கேட்கலாம்; மறுபடி கேட்கலாம். அவ்வளவுதான்.

இந்த அதிகாரம் எவ்வளவு பெரிது, எவ்வளவு சிறிது என்பதை ஈஸ்ட் ஹாமில் தங்கியிருந்தபோது கொஞ்சம் புரிந்துகொண்டேன். ஹை ஸ்ட்ரீட் நார்த் தெருவைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நகைக்கடை, புடவைக்கடை, கொத்து ரொட்டி அடிக்கும் ஓசை, முருங்கைக்காய்க் கட்டு, யாழ்ப்பாணத் தமிழும் தஞ்சாவூர்த் தமிழும் ஒரே கல்லாவில். நான் தங்கியது ஒரு நண்பரின் தங்கை வீட்டில். கவுன்சில் வீடு. பத்தாண்டுக்கு மேல் காத்திருந்து கிடைத்ததாம். அதற்கு முன் தற்காலிகத் தங்குமிடம் என்ற பெயரில் ஓர் அறையில் இரண்டு பிள்ளைகளோடு இருந்திருக்கிறார்.

நான் வந்த காரணத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "அண்ணை, உதைப் பாக்கவோ இவ்வளவு காசு குடுத்து வந்தனீங்கள்? மீட்டிங்கில இருக்கிறவைக்கு இந்தப் பூஞ்சணத்தைக் காட்டுங்கோ" என்று குளியலறைக் கூரையைக் காட்டினார். ஒரு மூலை முழுக்கக் கறுத்திருந்தது. வாரம் ஒருமுறை பிளீச் போட்டுத் துடைக்கிறார். அடுத்த வாரம் வந்துவிடுகிறது. முறைப்பாடு போட்டால் ஆள் வருவதாக மெசேஜ் வரும். வருகிற நாளில் இவருக்கு வேலை. "ஆள் வந்து கதவைத் தட்டிப்போட்டுப் போயிடும். பிறகு கேஸ் குளோஸ்ட் எண்டு மெசேஜ் வரும்." இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈஸ்ட் ஹாமும் கேனிங் டவுனும் அடங்கிய நியூஹாம் பரோ, அதாவது தனிக் கவுன்சில் உள்ள லண்டன் பகுதி, கூராய்வுக்கு ஒரு விசித்திரமான களம். 2010, 2014, 2018 ஆகிய மூன்று தேர்தலிலும் கவுன்சிலின் 60 இடங்களையும் லேபர் கட்சியே பிடித்தது. மேயரும் அதே கட்சி. அந்த ஆண்டுகளில் எதிர்க்கட்சி வரிசை என்று ஒன்று இருக்கவே இல்லை. தன் கட்சி மேயரை, தனக்கு நாளைக்குப் பதவி தரக்கூடியவரை, தன் கட்சிக்காரரே கேள்வி கேட்கவேண்டியிருந்தது. மனித சுபாவம் தெரிந்த யாருக்கும் இதில் உள்ள சிக்கல் விளங்கும். கட்சிக் கொறடா கூராய்வுக் குழுவுக்குள் வரக் கூடாது என்று அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது. கொறடா வராவிட்டாலும் கொறடாவின் நினைப்பு வராமல் இருக்குமா? 2022இல்தான் பசுமைக் கட்சிக்கு இரண்டு இடம் கிடைத்து அந்த வட்டம் உடைந்தது.

2024 அக்டோபரில் சமூக வீட்டுவசதி ஒழுங்குமுறை ஆணையம் நியூஹாமுக்கு சி4 என்ற தரத்தைக் கொடுத்தது. சி1 நல்லது, சி4 கடைசி. நாட்டிலேயே முதன்முதலாகச் சி4 வாங்கிய வீட்டு உரிமையாளர் நியூஹாம் கவுன்சில்தான். தீப் பாதுகாப்புக்காகச் செய்திருக்கவேண்டிய 9,000க்கும் மேற்பட்ட வேலைகள் கெடு தாண்டிக் கிடந்தன. ரோனன் பாயிண்ட் விழுந்த அதே பரோவில்! தற்காலிகத் தங்குமிடங்களில் இருப்போரின் விகிதத்திலும் அப்போது இங்கிலாந்தில் நியூஹாம்தான் முதலிடம். ஏறக்குறைய 20 குடும்பத்துக்கு ஒன்று. லண்டன் கவுன்சில்கள் எல்லாம் சேர்ந்து இதற்கு நாளொன்றுக்குச் சுமார் 40 லட்சம் பவுண்டு செலவழிப்பதாக அவற்றின் கூட்டமைப்பு 2024இல் கணக்குச் சொன்னது. இந்தப் பணம் புதுவீடு கட்டப் போகாது, விடுதி அறை வாடகைக்குப் போகும். ஆண்டுக்கு ஆண்டு இதையே கேட்டுக்கொண்டிருக்கும் குழு உறுப்பினருக்கு அலுப்புத் தட்டினால் குற்றம் சொல்ல முடியாது.

நான் கூட்டத்தில் உட்கார்ந்தது நியூஹாமில் அல்ல, இன்னொரு பரோவில். பேசியவர்களில் சாதாரணக் குடித்தனக்காரர்களும் உண்டு என்பதால் ஊர்ப் பெயரை விட்டுவிடுகிறேன். அலுவலக நேரம் முடிந்தபின் மாலையில் கூட்டம். பழைய டவுன் ஹால். பளிங்குப் படிக்கட்டு, சுவரில் கழுத்துச் சங்கிலி அணிந்த பழைய மேயர்களின் படங்கள். வாசலில் காவலாளி பையைத் திறந்து பார்த்தார். என்ன விஷயமாக வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. பொதுமக்கள் இருக்கைகளில் என்னைச் சேர்த்து ஏழெட்டுப் பேர். ஒரு அம்மாள் பின்னல் ஊசியும் நூலும் எடுத்துவந்திருந்தார். தொடர்ந்து வருபவர் என்று அதிலிருந்தே தெரிந்தது.

வந்தவர் போனவர் எல்லாம் இப்படி உள்ளே உட்கார முடிவதற்குக் காரணமாக இருந்தவர் மார்கரெட் தாட்சர் என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். 1959இல் முதல்முறை எம்.பி. ஆனவர், 1960 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் பேசிய முதல் பேச்சே, கவுன்சில் கூட்டங்களில் பத்திரிகையாளரையும் மக்களையும் அனுமதிக்கவேண்டும் என்ற தனிநபர் மசோதாவுக்காகத்தான். அது அதே ஆண்டில் சட்டமானது. 1985இல் இன்னொரு சட்டம், கூட்டத்துக்கு முன்பே தாள்களைப் பொதுவில் வைக்கச் சொன்னது. 2014 முதல் பார்வையாளர் கூட்டத்தைப் படம்பிடிக்கலாம். தாட்சர் பின்னாளில் கவுன்சில் வீடுகளைக் குடியிருப்போருக்கே விற்கும் சட்டம் கொண்டுவந்து, இன்றைய வீட்டுப் பஞ்சத்துக்கும் ஒரு பங்கு காரணமானார். அதை விவாதிக்கும் கூட்டத்தில் நாம் போய் உட்காரும் உரிமையும் அவர் கொடுத்ததுதான்.

கூட்டம் தொடங்கியதும் முதலில் 'உங்களில் யாருக்காவது இன்றைய பொருளில் சொந்த நலன் உண்டா' என்று தலைவர் கேட்டார். ஒருவர், நான் கவுன்சில் வீட்டில் குடியிருக்கிறேன் என்றார். இன்னொருவர், எனக்கு வாடகைக்கு விட்ட வீடு ஒன்று இருக்கிறது என்றார். இரண்டும் ஒரே தொனியில் பதிவாயின.

அன்றைய முதல் பொருள் ஈரமும் பூஞ்சையும். ஐந்தாண்டுக்கு முன்பு என்றால் இது ஒரு குழுவின் தலைப்பாகவே வந்திருக்காது. 2020 டிசம்பரில் ராச்டேல் நகரில் ஆவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை, வீட்டுச் சுவரில் படர்ந்த பூஞ்சையால் மூச்சுக் கோளாறு வந்து இறந்தான். பெற்றோர் சூடானிலிருந்து வந்தவர்கள். திரும்பத் திரும்பப் புகார் செய்தவர்கள். வீட்டை நிர்வகித்த நிறுவனம், அவர்களுடைய வாழ்க்கை முறைதான் காரணம் என்று எண்ணிக்கொண்டிருந்தது. 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி பூஞ்சைதான் காரணம் என்று தீர்ப்புச் சொன்னபிறகு நாடு விழித்தது. 2023இல் வந்த சமூக வீட்டுவசதி ஒழுங்குமுறைச் சட்டத்தில் ஆவாப் பெயரிலேயே ஒரு விதி சேர்ந்தது. 2025 அக்டோபர் 27 முதல் அது அமலில் இருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் சரிசெய்யவேண்டும். கடுமையான ஈரம், பூஞ்சை என்றால் பத்து வேலை நாளுக்குள் வந்து பார்க்கவேண்டும்.

அதிகாரி திரையில் ஓர் அட்டவணையைப் போட்டார். பச்சை, மஞ்சள், சிவப்பு. பழுதுபார்ப்பு முடிந்த விகிதம் பச்சையில் இருந்தது. நன்றி சொல்லி உட்கார்ந்தார். கேபினெட் உறுப்பினரும் ஊழியர்களின் உழைப்பைப் பாராட்டி இரண்டு நிமிடம் பேசினார். அடுத்து இரண்டு உறுப்பினர்கள் கேள்வி என்ற பெயரில் தங்கள் வட்டத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார்கள். எந்த ஊரிலும் கவுன்சிலர் கவுன்சிலர்தான். பின்னல் அம்மாள் ஒரு வரிசை முடித்துவிட்டார்.

பிறகு, ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஓர் இளம் உறுப்பினர் மைக்கை அழுத்தினார். அவர் கேட்டது இவ்வளவுதான்: முடிந்ததாகக் கணக்கில் காட்டிய வேலைகளில், ஆள் போனபோது வீட்டில் யாரும் இல்லாததால் மூடிவிட்ட புகார்கள் எத்தனை? அவையும் பச்சையில் சேர்ந்திருக்கின்றனவா?

அறையில் ஒரு சின்ன அசைவு. அதிகாரி பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். அந்த நாற்காலி தாளைப் புரட்டியது. 'நோ ஆக்சஸ்' என்று மூடப்பட்டவையும் முடிந்தவையாகவே கணக்கில் வரும், பிரித்து எடுத்துத்தர அவகாசம் வேண்டும், உறுப்பினருக்கு எழுத்தில் அனுப்புகிறோம் என்றார் அதிகாரி. ஈஸ்ட் ஹாம் குளியலறை எனக்கு நினைவு வந்தது. வேறு பரோ, வேறு கவுன்சில், அதே கேஸ் குளோஸ்ட்.

எழுத்தில் அனுப்புகிறோம் என்பது இந்த அவைகளில் ஒரு கேள்வியை நல்லடக்கம் செய்யும் மந்திரம். தலைவர் அதற்கு இடம் தரவில்லை. குழு முழுவதற்கும் அனுப்புங்கள், அடுத்த கூட்டத்தின் தாளிலேயே சேர்த்துவிடுங்கள் என்று சொல்லி, நடவடிக்கைப் பட்டியலில் எழுதச் சொன்னார். தாளில் சேர்ந்துவிட்டால் அது பொதுவில் வந்துவிடும். பின்னல் அம்மாளும் படிப்பார், உள்ளூர்ப் பத்திரிகையும் படிக்கும். குடித்தனக்காரர்கள் சார்பில் குழுவில் சேர்க்கப்பட்டிருந்த, வாக்குரிமை இல்லாத ஒரு பெரியவர் அப்போது எழுந்து, வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் இருக்கும் நேரம் மாலையும் சனிக்கிழமையும்தான், உங்கள் ஆட்களை அப்போது அனுப்பினால் பாதிப் புகார் உண்மையாகவே மூடும் என்றார். அன்றிரவு பேசியதில் ஆகப் பயனுள்ள வாக்கியம் அதுவே. அது பரிந்துரையாகவும் ஆனது.

இதில் எனக்கு உறுத்தியது வேறொன்று. குழுவுக்கு வந்த தாள் ஒரு தலையணைக் கனம். அதை எழுதியது யார்? சோதிக்கப்படும் அதே துறையின் அதிகாரிகள். எந்த அளவுகோலைக் காட்டுவது, எதைப் பச்சை என்பது எல்லாம் அவர்கள் கையில். தேர்வு எழுதுகிறவனே வினாத்தாளையும் தயாரிக்கிறான். நல்ல ஆசிரியர் இதைத் தாண்டி ஒரு கேள்வி கேட்பார். அந்த இளம் உறுப்பினர் கேட்டதுபோல. அவருக்கு அது எப்படித் தோன்றியது என்று இடைவேளையில் விசாரித்தேன். போன வாரம் தன் வட்டத்தில் வீடு வீடாகப் போனபோது மூன்று பேர் ஒரே கதையைச் சொன்னார்களாம். தாளில் கிடைக்காததைத் தெருவில் பெற்றிருக்கிறார்.

இரண்டாவது பொருள் சமூகக் கூடங்கள். கவுன்சிலுக்குச் சொந்தமான கூடங்களைப் பலகாலமாகச் சொற்ப வாடகைக்குச் சங்கங்களுக்குக் கொடுத்துவந்திருக்கிறார்கள். முதியோர் மதிய உணவு, சோமாலியப் பெண்கள் தையல் வகுப்பு, சனிக்கிழமை மொழிப்பள்ளி, இப்படி. இப்போது கஜானா காலி. இனிச் சந்தை வாடகை வாங்கவேண்டும், சமூகப் பயன் எவ்வளவு என்று மதிப்பெண் போட்டு அதற்கேற்பக் கழிவு தரலாம் என்று ஒரு கொள்கை வரைவு. மதிப்பெண் படிவம் பல பக்கம். அதை நிரப்ப ஆள் வைத்திருக்கும் பெரிய தொண்டு நிறுவனங்களுக்குக் கழிவு கிடைக்கும், சோறு போடும் பாட்டிகளுக்குக் கிடைக்காது என்று ஒரு உறுப்பினர் சொன்னார். கேபினெட் உறுப்பினருக்கு முகம் சிவந்தது. இருவரும் ஒரே கட்சி. படிவத்தைச் சுருக்கவேண்டும், சின்னச் சங்கங்களுக்கு ஒரு வருட அவகாசம் வேண்டும் என்று பரிந்துரை போனது. கேபினெட் ஏற்றதா என்பது இரண்டு மாதம் கழித்துத்தான் தெரியும்.

கடைசிப் பொருளுக்கு வந்ததும் எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். ஒப்பந்ததாரரோடு பேரம் நடக்கும் விஷயம், வணிக ரகசியம் என்று சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. நியாயமான விலக்குத்தான். ஆனால் பழுதுபார்க்கும் ஒப்பந்தம் பற்றிய பேச்சு மூடிய கதவுக்குள்ளும், பூஞ்சை பற்றிய பேச்சு திறந்த கதவுக்குள்ளும் நடந்தால் இரண்டுக்கும் உள்ள தொடர்பை மக்கள் எப்படிப் பார்ப்பார்கள்?

மறுநாள் மேற்கு லண்டன். லேட்டிமர் ரோடு நிலையத்தில் இறங்கும்போதே கிரென்ஃபெல் டவர் தெரிந்தது. வெள்ளைத் துணி போர்த்து, உச்சியில் பச்சை இதயம். 1974இல் கட்டி முடித்த 24 மாடிக் கோபுரம். 2017 ஜூன் 14 அன்று நள்ளிரவு தாண்டி நான்காம் மாடியில் ஒரு குளிர்சாதனப் பெட்டியில் தொடங்கிய தீ, வெளிச்சுவரில் புதிதாக ஒட்டியிருந்த அலுமினியப் பலகை வழியே ஏறி 72 பேரைக் கொன்றது. முதலில் துத்தநாகப் பலகை போடுவதாக இருந்தது. ஏறக்குறைய 3 லட்சம் பவுண்டு மிச்சம் என்று, நடுவே பிளாஸ்டிக் வைத்த அலுமினியத்துக்கு மாற்றினார்கள். 2025 பிப்ரவரியில், கோபுரத்தைப் பிரித்து இறக்கிவிடுவதாக அரசு அறிவித்தது. அடியில் வேலிச் சுவர் நெடுக மக்கள் எழுதியதும் ஒட்டியதும் தொங்கவிட்டதும். நான் அங்கே எதையும் படம் எடுக்கவில்லை. எடுக்க வேண்டாம் என்று அக்கம்பக்கத்தவர் கேட்டுக்கொண்டு அறிவிப்பு வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கோபுரம் இருக்கும் கென்சிங்டன், செல்சி கவுன்சில் நாட்டின் பணக்காரக் கவுன்சில்களில் ஒன்று. அங்கே வீட்டுவசதிக்கென்றே ஒரு கூராய்வுக் குழு இருந்தது. தாள் வந்தது, கூட்டம் நடந்தது, குறிப்பு எழுதினார்கள். வீடுகளை நேரடியாக நிர்வகித்தது கவுன்சில் அல்ல, 1996இல் அமைந்த குடியிருப்போர் நிர்வாக அமைப்பு. ஏறக்குறைய 10,000 வீடு அதன் பொறுப்பு. குழு கேட்கவேண்டியது அந்த அமைப்பைத்தான். சர் மார்ட்டின் மூர்-பிக் தலைமையில் அந்தத் தீ பற்றி நடந்த விசாரணையின் இரண்டாம் கட்ட அறிக்கை 2024 செப்டம்பர் 4 அன்று வந்தது. ஏறக்குறைய 1,700 பக்கம். அதில் கண்ணில் குத்தும் பகுதிகள் பல. அலுமினியம் விற்ற நிறுவனங்களின் நேர்மையின்மை பற்றிய அத்தியாயங்களைத்தான் பத்திரிகைகள் அதிகம் எழுதின. எனக்கு வேறு ஒன்று முக்கியமாகப் பட்டது. நிர்வாக அமைப்பின் செயல்பாட்டைக் கவுன்சில் மேற்பார்த்த விதம் பலவீனமானது. தீப் பாதுகாப்புக்கென்று ஓர் அளவுகோல்கூட இல்லை. 2009இல் ஒரு சுதந்திர ஆலோசகர் கடுமையாக எழுதிக்கொடுத்த தீப் பாதுகாப்பு அறிக்கையைக் கவுன்சிலுக்குக் காட்டவே இல்லை. அமைப்பின் தலைமை நிர்வாகி தீப் பாதுகாப்பு விஷயங்களை மறைப்பதையே வழக்கமாக வைத்திருந்தார் என்று அறிக்கை சொல்கிறது.

அதாவது, அட்டவணையில் அந்த வரியே இல்லை. பச்சையா சிவப்பா என்று கேட்க இடமே இல்லை.

ஆனால் தாளுக்கு வெளியே சொன்னவர்கள் இருந்தார்கள். அந்தக் கோபுரத்தின் குடித்தனக்காரர்கள் குழு ஒன்று ஆண்டுக்கணக்கில் எழுதியது. பெரிய விபத்து நடந்து ஆட்கள் செத்தால்தான் இவர்கள் விழிப்பார்கள் என்ற பொருளில் 2016 நவம்பரில் அவர்கள் எழுதியது, தீக்கு ஏழு மாதம் முன்பு. அவர்களைத் தொந்தரவுக்காரர்கள் என்றே அதிகாரம் பார்த்தது. ஒரு கூராய்வுக் குழு உறுப்பினர் ஒருநாள் மாலை அந்த மாடிப்படிகளில் ஏறி இறங்கி, கண்ட நான்கு பேரிடம் பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. இப்படி நினைப்பது சுலபம் என்பதும் தெரிகிறது.

ஹார்ன்டன் தெருவில் இருக்கும் கென்சிங்டன் டவுன் ஹாலுக்கும் நடந்து போனேன். பேசில் ஸ்பென்ஸ் வடிவமைத்த செங்கல் கட்டடம். கோட்டைக்குத் திட்டம் போட்டுவிட்டு மனம் மாறி அலுவலகமாக முடித்ததுபோல ஒரு தோற்றம். 2017 ஜூன் 29 அன்று, தீக்குப் பிறகு கூடிய முதல் கேபினெட் கூட்டம் இங்கேதான். பத்திரிகைக்காரர்களையும் மக்களையும் உள்ளே விட மாட்டோம் என்றார்கள். பத்திரிகைகள் உயர் நீதிமன்றம் போய் ஆணை வாங்கிவந்து உள்ளே நுழைந்தன. அவர்களைக் கண்டதும், வரப்போகும் விசாரணைக்குப் பாதகமாகும் என்று சொல்லித் தலைவர் நிக்கலஸ் பேஜெட்-பிரவுன் கூட்டத்தையே முடித்துக்கொண்டார். மறுநாள் பதவி விலகினார்.

அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றக் குழு ஒன்று உள்ளாட்சிக் கூராய்வு பற்றி அறிக்கை கொடுத்தது. கூராய்வுக் குழு கேபினெட்டுக்கு அல்ல, முழுக் கவுன்சிலுக்கே அறிக்கை தரவேண்டும் என்பது அதன் யோசனைகளில் ஒன்று. 2019 மே மாதம் அரசு புதிய வழிகாட்டுதல் வெளியிட்டது. குழுவை மதிக்கும் பண்பாடு வேண்டும், தகவலை மறைக்கக் கூடாது என்று நல்ல வார்த்தைகள். பண்பாட்டை வழிகாட்டுதலால் உண்டாக்க முடியுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் ஒன்று சொல்வேன். பழைய குழு ஆட்சிக்கே திரும்பிவிடலாம் என்று 2011ஆம் ஆண்டுச் சட்டம் கவுன்சில்களுக்கு வழி திறந்தது; சில திரும்பவும் செய்தன. அது மருந்து என்று நான் நினைக்கவில்லை. ரோனன் பாயிண்ட்டைக் கட்டியது குழு ஆட்சி, கிரென்ஃபெல்லுக்கு அலுமினியம் ஒட்டியது கேபினெட் ஆட்சி. நாற்காலியை எப்படிப் போட்டாலும், சுவரில் ஈரம் காண்கிறவரின் பேச்சு அந்த அறைக்குள் வந்து சேர்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஊருக்குக் கிளம்புமுன், அந்த மாலைக் கூட்டத்தைப் பற்றி ஈஸ்ட் ஹாம் தங்கையிடம் சொன்னேன். நோ ஆக்சஸ் கேள்வியைக் கேட்டதும் நிமிர்ந்தார். "உதை அங்க ஆரும் கேட்டவையோ? மெய்யாவோ?" என்றார். இத்தனை வருடத்தில் அவர் ஒரு கவுன்சில் கூட்டத்துக்கும் போனதில்லை. போகலாம் என்றே தெரியாது. தெரிந்தாலும் மாலையில் அவருக்கு ஷிஃப்ட்.

லண்டனில் இருக்கும் வாசகர்களிடம் ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் கவுன்சிலின் வீட்டுவசதிக் கூராய்வுக் குழு ஆண்டில் சில தடவைதான் கூடும். கூட்டத்துக்கு முழுதாக ஐந்து வேலை நாள் முன்னதாகத் தாள்கள் பொதுவில் வந்துவிடும். அவற்றைப் படிக்கக் கட்டணம் இல்லை. தொடர்ந்து போக ஆளில்லாவிட்டால் நான்கைந்து குடும்பம் முறைபோட்டு ஒருவர் போங்கள். போக முடியாதவர்கள், குழுவின் தலைவருக்கு ஒரு கடிதமாவது எழுதுங்கள்: புகார் எண், ஆள் வந்த தேதி, கேஸ் மூடிய தேதி. கேள்வி கேட்பதைத் தவிர அவர்களுக்கு வேறு அதிகாரம் இல்லை. எதைக் கேட்பது என்று நீங்கள்தான் சொல்லவேண்டும்.